‘இன் கேமரா’ விசாரணையில் கேமரா ஏன் இல்லை?

பாலியல் குற்ற வழக்கு ஒன்றைப் பற்றிய செய்தியில் ‘விசாரணை இன் கேமரா முறையில் நடைபெறும்’ என்று படித்த நண்பர் ஒருவர் இரண்டு ஐயங்களை எழுப்பியிருந்தார். சாட்சிகள் சொல்வதையெல்லாம் கேமரா வைத்துப் படம்பிடிப்பார்கள் என்பதுதான் இதற்குப் பொருளா என்பது ஒன்று. இத்தாலியில் சுற்றியபோது வீட்டு வாசல்களில் ‘கமெரே’ என்ற பலகைகளைப் பார்த்தேனே, அதற்கும் படமெடுக்கும் கருவிக்கும் உறவு உண்டா என்பது மற்றொன்று. முதல் ஐயத்துக்கு விடை, இல்லை. பொருள் ஏறக்குறைய நேர் எதிர். இரண்டாவதற்கு விடை, உண்டு. அந்தப் பலகை ‘அறைகள்’ என்று சொல்லி வாடகைக்கு ஆள் தேடுகிறது, நம் கையிலிருக்கும் கேமராவும் அதே அறைதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அறை என்ற பொருளே கிடையாது என்பதால், கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் சட்டத்தை முடித்துவிடலாம். ‘இன் கமெரா’ என்பவை இரண்டு இலத்தீன் சொற்கள். ‘அறைக்குள்’ என்பது அவற்றின் பொருள். மக்கள் வந்து உட்காரும் திறந்த மன்றத்தில் அல்லாமல் நீதிபதியின் தனியறையில் வழக்கைக் கேட்பதைக் குறிக்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் இத்தொடரைக் கையாண்டன. இன்று நீதிபதி எழுந்து தம் அறைக்குப் போக வேண்டும் என்பதில்லை. அதே மன்றத்திலிருந்து வழக்கோடு தொடர்பில்லாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாலும் அது ‘இன் கேமரா’தான். இந்தியாவில் பாலியல் வன்புணர்வு வழக்குகளை இவ்வாறே விசாரிக்க வேண்டும் என்ற விதி 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆம் பிரிவில் சேர்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 366-ஆம் பிரிவாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் அச்சட்டப்படி நடக்கும் வழக்குகளை மூடிய கதவுக்குள் வைக்கிறது. கதவைச் சாத்துவது எளிதாகிவிடக் கூடாது என்ற கவலையும் அந்தச் சட்ட மரபுக்கு உண்டு: திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரிய ஸ்காட் வழக்கு மூடிய கதவுக்குள் நடந்து முடிந்தபின், அதன் நடவடிக்கைப் பதிவின் படிகளை மனைவி தம் மாமனார் உள்ளிட்ட சிலருக்கு அனுப்பியது நீதிமன்ற அவமதிப்பு என்று கீழே தீர்ப்பானபோது, 1913-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, திறந்த நீதிமன்றமே விதி, மூடிய கதவு விலக்கு என்று உறுதிப்படுத்தியது. தமிழ்ச் செய்தியில் இத்தொடரை ஒலிபெயர்ப்பதால் வாசகர் தவறான படத்தை மனத்தில் வரைந்துகொள்வதைத் தவிர வேறு பயன் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ‘மூடிய அறை விசாரணை’ என்று எழுதினால் பொருளும் சரி, இலத்தீனும் சரி.

இனிச் சொல்லின் தொடக்கத்துக்கு வரலாம். இலத்தீனுக்கு இது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘கமாரா’ என்றால் கவிந்த மூடி, வளைந்த கூரை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு பாபிலோனியச் செல்வர் வீட்டுப் பெண்கள் கோவிலுக்கு வருவதை வருணிக்கும்போது அவர்கள் மூடுவண்டியில் வந்தார்கள் என்பதற்கு இச்சொல்லைத்தான் ஆள்கிறார். நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொண்டால் பொருள் சட்டென்று பிடிபடும். கருங்கடலோரக் கொள்ளையர்களின் படகுகளுக்கும் இதுவே பெயர். கி.பி. 69-இல் நடந்த ஒரு கலகத்தைச் சொல்லும் இடத்தில் உரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டசு அந்தப் படகுகளைச் சற்று நின்று விவரித்திருக்கிறார்: செம்போ இரும்போ இல்லாமல் பலகைகளைப் பிணைத்த, இரண்டு முனையும் ஒன்றுபோலிருக்கும் படகுகள்; கடல் கொந்தளிக்கும்போது அலை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பக்கப் பலகைகளை ஏற்றிக்கொண்டே போவார்கள், கடைசியில் இரு பக்கமும் கூடிக் கூரைபோல் மூடிக்கொள்ளும். படகுக்கும் வண்டிக்கும் இடையே பொதுவானது தலைக்குமேல் வளைந்து மூடும் அந்த உருவம் மட்டுமே.

உரோமானியர்களும் முதலில் கூரையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கட்டடக் கலைஞர் விட்ருவியசு தம் நூலின் 7-ஆம் பகுதியில் கமெரா கட்டும் முறையை ஒரு கொத்தனாருக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். வளைந்த சட்டங்களை இரண்டடிக்கு மேல் இடைவெளி விடாமல் நிறுத்த வேண்டும். தேவதாரு வகை மரம் விரைவில் உளுத்துவிடும் என்பதால் சைப்ரசு மரமே நல்லது. அவற்றை மேலேயுள்ள உத்தரத்தோடு பிணைத்தபின், தட்டி நசுக்கிய நாணலைப் புல்கயிற்றால் அவற்றின் அடியில் கட்ட வேண்டும். பிறகு சாந்து பூசி, மணற்பூச்சு கொடுத்து, சுண்ணாம்போ பளிங்குத் தூளோ கொண்டு மெருகேற்ற வேண்டும். அதாவது கீழிருந்து பார்ப்பவருக்கு அது கல்லால் எழுப்பிய வில்வளைவு. உள்ளே இருப்பது நாணலும் கயிறும். பாய் முடைந்து பூசுவேலை செய்கிற இந்தக் கூரைக்குத்தான் அன்று கமெரா என்று பெயர். அதன் கீழே இருந்த இடத்துக்கு அல்ல.

கூரையின் பெயர் அதன் கீழிருக்கும் இடத்துக்கு இறங்கி வருவது இயல்பானதுதான். நாமும் ‘ஒரே கூரையின் கீழ்’ என்றால் வீட்டைத்தான் சொல்கிறோம். பிற்கால இலத்தீனில் வளைவு மறைந்து, எந்த அறையும் கமெரா ஆயிற்று. பழைய பொருளின் நிழல் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தங்கியது. இங்கிலாந்து மன்னரின் ஆலோசகர்கள் கூடிய வெசுட்மின்சுட்டர் அறையின் மேற்கூரையில் விண்மீன்கள் தீட்டப்பட்டிருந்ததால் அது இலத்தீனில் ‘விண்மீன் கமெரா’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஸ்டார் சேம்பர்’ என்றும் பெயர்பெற்றது. பிற்காலத்தில் அடக்குமுறைக்குப் பேர்போன அந்த நீதிமன்றத்தை 1641-இல் நாடாளுமன்றம் ஒழித்தது. ஆக்சுபோர்டில் 1749-இல் திறக்கப்பட்ட குவிமாட நூலகம் ‘ராட்கிளிஃப் கேமரா’ என்று அழைக்கப்படுவதும் இந்தப் பழைய பொருளில்தான். ஒளிப்படக்கலை பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல் அடைந்த மாற்றம் ஒலியியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. நடுவிலிருந்த அழுத்தமில்லா எகரம் விழுந்து ‘கம்ரா’ என்றாயிற்று. மகரத்துக்காக மூடிய உதடு திறந்து ரகரத்துக்குப் போகும் அந்த நொடியில், மூக்குவழி முன்னதாகவே அடைத்துக்கொண்டால் தானாக ஒரு ‘ப்’ தோன்றும். வாயால் சொல்லிப் பார்த்தாலே இது புலப்படும். எண் என்று பொருள்படும் ‘நூமெருசு’ பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதும் இவ்வாறே. முதலிலிருந்த ககரம் அகரத்தின் முன் சகரச் சாயல் பெற்றுவிடுவது பிரெஞ்சின் வழக்கமான விதி. இரண்டும் சேர்ந்து கமெரா ‘ஷாம்ப்ர்’ ஆனது. நார்மானியர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது பிரெஞ்சின் முதலொலி இன்னும் ‘ச்’ என்றே வல்லொலியாக இருந்ததால், ஆங்கிலத்தில் ‘சேம்பர்’ என்று நிலைத்துவிட்டது. செருமானிய மொழிகளோ பிரெஞ்சுக்காகக் காத்திராமல் இலத்தீனிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொண்டதால், செருமனில் ‘கம்மர்’, டச்சில் ‘காமர்’ என்று முதற்ககரம் அப்படியே இருக்கிறது.

அறை என்றானபின், எந்த அறை என்பதில் ஒவ்வொரு நாடும் தன் வாழ்க்கைக்கேற்ப ஒன்றைத் தேர்ந்துகொண்டது. இத்தாலியருக்கு அது முதன்மையாகப் படுக்கையறை. டச்சுக்காரருக்கு எந்த அறையும். அங்கேரியில் ‘கம்ரா’ என்றால் தின்பண்டமும் தானியமும் வைக்கும் சிற்றறை. துருக்கியருக்கு இத்தாலிய மாலுமிகள் வழியே சென்ற ‘கமாரா’ கப்பலின் அறை. உருமேனிய மொழியில் ‘கமெரா’ என்பது வாழும் அறையாகவும், வேறொரு வழியே வந்து சேர்ந்த ‘கமாரா’ என்ற வடிவம் பண்டக அறையாகவும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. உருசியனில் ‘காமெரா’ என்றால் சிறைக்கொட்டடி. இரயில் நிலையத்தில் பெட்டிகளைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் இடமும் ஒரு ‘காமெரா’தான். செருமனில் இதயத்தின் கீழறையும் கம்மர்; வீட்டில் பூச்சிக்கு மருந்தடிக்க வருபவர் ‘கம்மர்யேகர்’, அறை வேட்டைக்காரர். இந்தப் பெயரை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அரண்மனை அறைக்குள் நுழையும் உரிமை உள்ளவன் அதிகாரம் உள்ளவன். அறைக்குரியவன் என்ற பொருளில் இலத்தீன் சொல்லோடு செருமானிய விகுதியைச் சேர்த்துப் பிராங்கியர் உண்டாக்கிய சொல் ஆங்கிலத்தில் ‘சேம்பர்லின்’ என்றும் இத்தாலியில் ‘கமெர்லெங்கோ’ என்றும் வழங்குகிறது. மன்னனின் படுக்கையறையைப் பார்த்துக்கொண்டவரிடமே அங்கிருந்த பணப்பேழையும் இருந்ததால், கமெரா என்பது கருவூலத்தின் பெயராகவும் மாறியது. செருமன் நகரங்களில் நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் இன்றும் ‘கெமரர்’. அரசு வருவாயைப் பெருக்கும் வழிகளைக் கற்பித்த துறைக்கு ‘கமரால்’ அறிவியல் என்று பெயரிட்டு, 1727-இல் பிரசியாவின் முதலாம் பிரீட்ரிக் வில்லெம் அதற்கென ஆலெ, ஓடர் ஆற்றங்கரைப் பிராங்க்பர்ட் ஆகிய இரு பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். திருத்தந்தை இறந்தால் அடுத்தவர் வரும்வரை வத்திக்கானின் அன்றாடப் பொறுப்பு கமெர்லெங்கோவுடையது. 2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிசின் மறைவை உலகுக்கு அறிவித்தவர் அப்பதவியிலிருந்த கர்தினால் கெவின் பாரெல். இறந்தவரின் அறைகளைப் பூட்டி முத்திரையிடுவது அவருடைய கடமைகளுள் ஒன்று என்பதைப் பார்க்கும்போது, அறைக்காரர் என்ற சொற்பொருள் ஆயிரம் ஆண்டு கழித்தும் தேய்ந்துவிடவில்லை என்று தெரிகிறது.

கூடிப் பேசும் அறையிலிருந்து அவைகள் பிறந்தன. இத்தாலியின் மக்களவை ‘கமெரா’ என்றே சுருக்கமாகக் குறிக்கப்படுகிறது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி ஆம்சுடர்டாம், மிடில்பர்க், டெல்ப்ட், ராட்டர்டாம், ஓர்ன், என்கௌசன் என்ற ஆறு ஊர்களின் ஆறு ‘காமர்’களால் ஆனது. போர்ச்சுக்கலில் ‘காமரா’ என்றால் நகரசபை. இசையிலும் இதே அறைதான்: தேவாலயத்துக்கு எழுதியதையும் அரண்மனை அறைக்கு எழுதியதையும் இத்தாலியர் பிரித்துச் சொன்னார்கள், 1685-இல் இசையமைப்பாளர் கொரெல்லி வெளியிட்ட அறைச் சொனாட்டாக்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ‘சேம்பர் மியூசிக்’ என்பது அந்த வழக்கின் மொழிபெயர்ப்பு.

அறையில் படுத்தவர்களின் கதை சுவையானது. இசுபானியப் படையில் ஓர் அறையில் சேர்ந்து தங்கிய வீரர் கூட்டத்துக்குக் ‘கமராதா’ என்று பெயர். கூட்டத்தின் பெயர் காலப்போக்கில் கூட்டத்தில் ஒருவனுக்கு ஆகிவந்தது. பிரெஞ்சின் ‘கமராத்’, செருமனின் ‘கமராட்’, ஆங்கிலத்தின் ‘காம்ரேட்’ எல்லாம் அந்த அறைத்தோழனின் பெயர்கள்தாம். ‘காம்ரேட்’ என்றதும் நமக்கு உருசியா நினைவுக்கு வந்தாலும், உருசியர்கள் தோழரை அழைக்கும் ‘தவாரிசு’ துருக்கிய மூலமுள்ள வேறு சொல். அதே இசுபானியத்தில் ‘கமரிலா’, சிற்றறை என்பது, 7-ஆம் பெர்னாண்டோ மன்னனைச் சூழ்ந்திருந்து காதில் ஓதிய குழுவின் பெயராகிப் பிற மொழிகளுக்கும் பரவியது. ஓர் அறை பாசறைத் தோழனையும் தந்தது, அந்தப்புரச் சூழ்ச்சிக்காரனையும் தந்தது.

இப்போது படமெடுக்கும் கருவிக்கு வரலாம். இருட்டறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இபுன் அல்-ஐதம் கிரகணத்தின்போது துளைவழியே விழும் பிம்பத்தை ஆராய்ந்திருக்கிறார். இதற்கு ‘இருண்ட அறை’ என்று பொருள்படும் ‘கமெரா ஒப்சுகூரா’ என்ற பெயரை 1604-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் வழங்கியவர் வானியலாளர் கெப்ளர். அவரிடம் நடமாடும் அறை ஒன்றும் இருந்தது. 1620-இல் இலின்சு நகரில் அவரைச் சந்தித்த ஆங்கிலத் தூதர் என்றி வாட்டன், பிரான்சிசு பேக்கனுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரிக்கிறார்: வயல்வெளியில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய கறுப்புக் கூடாரம், காற்றாலைபோல் எத்திசைக்கும் திருப்பலாம், ஓர் ஆளுக்கு மட்டுமே இடம், ஒன்றரை அங்குலத் துளையில் வில்லைகள் பொருத்திய நீண்ட குழாய், உள்ளே தாளில் விழும் காட்சியைக் கெப்ளர் பேனாவால் வரைந்துகொண்டு, கூடாரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நிலக்காட்சி முழுவதையும் முடித்துவிடுவார். மனிதன் உள்ளே போய் உட்கார்ந்த கேமரா அது.

பிறகு அறை சுருங்கியது. கூடாரம் பெட்டியானது, ஆள் வெளியே வந்தான், ஆனால் பெயர் மாறவில்லை. 1830-களில் ஒளிப்படக்கலையின் முன்னோடியான டால்பட் வேதிப்பொருள் பூசிய தாளை வைத்துத் தம் வீட்டைச் சுற்றிப் பரப்பிய இரண்டு மூன்று அங்குலப் பெட்டிகளை அவருடைய மனைவி எலிப்பொறி என்று அழைத்தார். உருவத்துக்கு அதுவே பொருத்தமான பெயர். ‘இருண்ட’ என்ற அடை உதிர்ந்து ‘கமெரா’ மட்டும் நின்றது. இதில் ஒரு வேடிக்கை, 1806-இல் ஆங்கில அறிவியலாளர் வாலசுடன் காப்புரிமை பெற்ற ‘கமெரா லூசிடா’, ஒளி அறை. அது தாளின்மேல் பொருத்தும் ஒரு பட்டகக் கண்ணாடி மட்டுமே. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. இருட்டு அறைக்கு எதிர்ப்பெயர் வைக்கும் ஆசையில், இல்லாத அறைக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.

புதிய பொருள் வந்ததும், அறையை இச்சொல்லால் அழைத்துவந்த மொழிகளுக்குச் சிக்கல் தோன்றியது. இத்தாலியர் ‘ஒளிப்பட எந்திரம்’ என்றும் ‘ஃபோட்டோகமெரா’ என்றும் சொல்லித் தப்பினர். பிரெஞ்சில் ‘கமேரா’ அசையும் படம் எடுக்கும் கருவிக்கு மட்டும். நிழற்படக் கருவி ‘அப்பரேய்’. செருமன் மொழி ‘கம்மர்’ இருக்கவே ‘கமெரா’வையும் தனியாக வரவழைத்துக்கொண்டது, அதனால் கமெராவில் எடுத்த சுருளைக் கழுவும் இடத்துக்கு ‘துங்கெல்கம்மர்’, இருட்டறை, என்று இரட்டைப் பிள்ளைகளும் ஒரே தொழிலில் சேர்ந்துவிட்டன. பிரேசிலின் போர்த்துகீசியம் ஓர் உயிரெழுத்தைக்கொண்டே பிரித்துவிட்டது: ‘காமரா’ அவை, ‘காமெரா’ கருவி.

எல்லாவற்றிலும் செல்வமுடையது, சொல்லை முதலில் கடன்கொடுத்த கிரேக்கம்தான். இன்றைய கிரேக்கத்தில் ‘கமாரா’ வில்வளைவு, ‘காமரா’ அறை, ‘காமெரா’ படக்கருவி. தெசலோனிக்கி நகரில் பேரரசர் கலேரியசு ஏறக்குறைய கி.பி. 300-இல் எழுப்பிய வெற்றி வளைவை ஊர்மக்கள் வெறுமனே ‘கமாரா’ என்பார்கள். நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் இடமும் அதுதான்.

நாமும் இச்சொல்லைப் பல கதவுகள் வழியாக உள்ளே விட்டிருக்கிறோம். ஆங்கில வழியில் கேமராவும் சேம்பரும் காம்ரேடும் வந்தன. இவற்றுள் சேம்பர் நம் ஊரில் நன்றாகவே வேரூன்றிவிட்டது: வழக்கறிஞரைப் பார்க்கச் சேம்பருக்குப் போகிறோம், கழிவுநீர்க் குழாய் அடைத்தால் சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்கிறோம், வீடு கட்டுபவர் நாட்டுச் செங்கல்லா சேம்பர் செங்கல்லா என்று விலை கேட்கிறார். இந்தியின் ‘கம்ரா’, சிங்களத்தின் ‘காமரய’ ஆகியவை ஆங்கிலத்துக்கு முந்திய போர்த்துகீசியக் கப்பலில் வந்தவை. இலங்கை மலையகத் தமிழரின் ‘காம்பரா’வையும் அவற்றோடுதான் வைக்க வேண்டும், அதன் நடுவே புகுந்த பகரம், பிரெஞ்சில் நடந்த அதே உதட்டு வேலை என்றே நான் கருதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஓர் அறைதான் காம்பரா; சமைப்பதும் படுப்பதும் பிள்ளைகள் படிப்பதும் அதற்குள்ளேயே. வளைந்த கூரை அங்கே கிடையாது. வரிசையாக எல்லாக் காம்பராக்களுக்கும் சேர்த்துச் சரிந்து இறங்கும் ஒரே தகரம்தான்.